ஈரப்பலா மரம் முதல் விளக்குக் கம்பம் வரை

வியாழக்கிழமை, காலை ஏழு மணி.

றக்வானக் கடைவீதியில் பஸ் ஏறும்போதே எங்கள் ஆறு பேருக்கும் கழுத்து அரை அங்குலம் நீண்டிருந்தது. பின்னே நீளாதா? இரத்தினபுரி மாரியம்மன் தேருக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேளம் அடிக்க, முதல் தடவையாக எங்களை அழைத்திருக்கிறார்கள்! செட்டுக்கு மூத்தவர் மூக்கண்ணன். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்து, லயத்துக் குடியிருப்புச் சனத்தை எழுப்பி வேலைக்கு வரிசையில் நிற்க வைப்பதும் அவர்தான்.

கொடகவெல, கஹவத்தை, பெல்மதுளை வழியாக முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு எண்பது சதம். மடியில் கிடந்த தப்புகளைப் பார்த்துச் சாரதி பண்டா சிரித்தான்.

"மாமா, எங்க சமன் தேவாலயத்துப் பெர மேளம் கேட்டா யானையும் ஆடும். உங்க பெரவுக்கு என்ன ஆடும்?"

"யானைய ஆட வைக்கிறது பெரிசில்ல தம்பி," என்றார் மூக்கண்ணன். "ஆடுற யானைய நிப்பாட்டிக் காட்டணும். அதான் வித்தை."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பகல் பதினொன்று.

இரத்தினபுரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேட்டில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை. கீழே கடைவீதி. அந்த ஒரே வீதியில் மாரியம்மன் கோயில். அதற்கு எதிரே ரொட்டி சுடும் ஒரு பாண் கடை. கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல். சந்து திரும்பினால் பௌத்த விகாரை. அதற்கும் மேலே மாதா கோயில். இரத்தினக்கல் வியாபாரிகள் உள்ளங்கையில் கல்லை வைத்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு வீதி நெடுக நிற்கிறார்கள். கற்பூரமும் சாம்பிராணியும் பாண் வேகும் வாசனையும் ஒரே மூச்சில் மூக்குக்குள் ஏறுகின்றன. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாய் நாலு, வீதி ஒன்று.

கோயில் தர்மகர்த்தா, புடவைக்கடை முதலாளி பிள்ளை, எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பள்ளிவாசல் முன்னால, அந்த ஈரப்பலா மரத்துல இருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் மேளம் அடிக்கிறதில்ல. காலங்காலமா இருக்கிற வழக்கம். மேளக்காரங்க நிப்பாட்டிருவாங்க. தோட்டத்துத் தப்பு சூடேறினா நிக்குமான்னு கமிட்டியில கேக்குறாங்க. நான்தான் பொறுப்பேத்துக் கூப்பிட்டிருக்கேன். ஒரு அடி விழுந்தாலும் இனிமே உங்களைக் கூப்பிட என்னால முடியாது."

மூக்கண்ணன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே ஈரப்பலா மரத்தடிக்குப் போனார். அங்கிருந்து கம்பம் வரை எண்ணி நடந்தார். திரும்பி நடந்தார். மறுபடியும் நடந்தார்.

"என்னண்ணே, காணி அளக்குறீங்களா?" என்றேன்.

"முப்பத்திரண்டு காலடிடா. மனசுல வச்சுக்க. கைதான் நிக்கணும், கணக்கு நிக்கப்படாது. கால்ல ஓடணும்."

வெள்ளிக்கிழமை, அதிகாலை ஐந்து மணிக்கு முன்.

கோயில் மடத்தில் தூங்கிக்கொண்டிருந்தோம். டம் டம் என்று சத்தம். "ஏன்டா, என் தப்ப எவன்டா அடிக்கிறான்?" என்று மூக்கண்ணன் துள்ளி எழுந்தார். அவ்வளவுதான், நாங்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினோம். வீதியில் வந்து வரிசையாக நின்ற பிறகுதான் புத்தி வந்தது. அது விகாரைப் பூசை மேளம்!

எதிர்க்கடைப் பாண்காரர் காசிம் நானா, தொழுகைக்குப் புறப்பட்டவர், எங்களைப் பார்த்து நின்றார்.

"என்ன வாப்பா, லைன் கட்டி நிக்கிறீங்க? பாண் இன்னும் போறணை அடுப்புக்குள்ள ஈக்குதே!"

"பாணுக்கு இல்லைங்க நானா," என்று மூக்கண்ணன் தலையைச் சொறிந்தார். "பெரட்டுன்னு நெனச்சுட்டோம்."

"நல்ல பெரட்டு! பேர் கூப்பிட நான்தானா கிடைச்சேன்?"

செக்குமாட்டைச் சந்தையில் விட்டாலும் வட்டமாகத்தான் சுற்றும். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நானா தொழுதுவிட்டு வந்து, சுடச்சுட இரண்டு இறாத்தல் பாண் கொடுத்தார்.

பிற்பகல் மூன்று மணி.

பங்குனி மழை பிடித்தது. இரத்தினபுரி மழைக்குக் கதவு தட்டத் தெரியாது, நேரே உள்ளே வந்துவிடும். மடத்துக்குள் சாரல் அடித்து, தப்புத் தோல் ஆறும் தளர்ந்துவிட்டன. மூக்கண்ணன் ஒரு தட்டுத் தட்டினார். நனைந்த சாக்கைத் தட்டியது போலிருந்தது. வைக்கோல் கொளுத்திக் காய்ச்சலாமென்றால் காய்ந்த வைக்கோல் ஒரு பிடி கிடைக்கவில்லை. தேர் புறப்பட இரண்டு மணி நேரம்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடினேன்.

"கொண்டாங்க, போறணை சூடாத்தான் ஈக்கு," என்றார் நானா.

பின்னாலேயே வந்த மூக்கண்ணன் படியில் தயங்கினார். "நானா, இது மாட்டுத் தோலு. திங்கிற பண்டம் வேகுற எடம்..."

"அட, மாடு அறுத்துத் திங்கிற எங்களுக்கா தோலைக் காட்டிப் பயங்காட்டுறீங்க? உள்ளுக்கு வைக்க வாணாம், வாசல்ல பிடிங்க."

போறணை வாயில் ஆறு தப்புகளையும் மாறி மாறிக் காட்டினோம். அரை மணியில் மூக்கண்ணன் விரலால் சுண்டினார். கணீரென்றது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அவர் நானாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாலை ஆறேகால்.

மழை விட்டிருந்தது. தோட்டங்களிலிருந்து வந்த சனமெல்லாம் தேருக்கு முன்னால் ஆடியது. எங்களுக்குக் கை சூடேறிவிட்டது. ஈரப்பலா மரம் வந்தது. மூக்கண்ணன் குச்சியை உயர்த்தினார்.

ஆறு தப்பும் ஒரே வெட்டில் நின்றன.

ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளிவாசலுக்குள் தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஈரத் தெருவில் எங்கள் வெறுங்கால்கள் மட்டும் தாளம் பிடித்தன. பின்னால் வந்த சனமும் அதே தாளத்தில் கால் வைத்தது.

பத்தாவது காலடியில் மழை திரும்ப வந்தது. முதல் துளி என் தப்பில் விழுந்து "டொம்" என்றது. என் உயிரே போய்விட்டது. போறணையில் முறுகிய தோல், துளிக்கும் பேசுகிறது! மூக்கண்ணன் கண்ணால் மட்டும் காட்டினார். தம் தப்பைக் குழந்தையைப் போலத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஐந்து பேரும் அப்படியே செய்தோம். என் நெஞ்சு தப்புக்குள் அடித்துக்கொண்டது. முதுகில் மழை, காலில் கணக்கு. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.

விளக்குக் கம்பம். முப்பத்திரண்டாவது கால் தரையில் படவும் ஆறு குச்சியும் தோலில் விழவும் சரியாக இருந்தது. நடுவில் எதுவுமே விடுபடாதது போல் தாளம் தொடர்ந்தது. வீதி குலவையிட்டது.

தேர் நிலைக்கு வந்ததும் பிள்ளை, அம்மன் மாலையை மூக்கண்ணன் கழுத்தில் போட்டார். "அடுத்த வருசம் ரெண்டு நாள் முன்னாலயே வந்திருங்க," என்றார். நானா கடைவாசலிலிருந்து கத்தினார்:

"வாப்பா! இதுதான் பெரட்டு!"

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் திரும்பினோம். கொடகவெல வரை மாலை மூக்கண்ணன் கழுத்திலேயே கிடந்தது. பண்டா கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

திங்கட்கிழமை விடியுமுன் தோட்டத்தில் வழக்கம்போலப் பெரட்டுத் தப்பு கேட்டது. பாதியில் நின்றது. லயத்தில் படுத்தபடி எண்ணினேன். சரியாக முப்பத்திரண்டில் மறுபடி தொடங்கியது.

"ஏன்டா மூக்கா, நடுவுல நின்னு போச்சு?" என்று பெரிய கங்காணி சத்தம் போட்டார்.

"நிக்கலைங்க," என்றது மூக்கண்ணன் குரல். "நிப்பாட்டினேன்."