மாவில் படாத கை

சாராளுக்கு நாற்பத்து நான்கு வயது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்த குடும்பம். கல்யாணமாகிக் கோவை புலியகுளத்துக்கு வந்தாள். கணவன் அமிர்தராஜ் வெல்டிங் பட்டறையில் இருந்தான். அவள் ஆர்.எஸ்.புரத்தில் சண்முகப்ரியா வீட்டுச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு வருடம்.

அந்த நாட்டுச்சர்க்கரை வாழைப்பழக் கேக் அங்கேதான் அவள் கைக்குப் பழகியது. குக்கரில் கல் உப்பைப் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, உள்ளே கிண்ணத்தை இறக்கி வேகவைப்பாள். எத்தனையோ முறை அடி கருகியது, நடு வேகவில்லை. விடாமல் செய்து ஒரு மழைக்காலத்தில் பஞ்சு மாதிரி வந்தது. சண்முகப்ரியாவின் தோழிகள் மாலை டீக்கு அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சண்முகப்ரியா தானே செய்ததாகக் கேக்கைக் கையில் ஏந்தி வீடியோ போட்டாள். சாராள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு லோகப்பிரியாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இந்தக் கேக்கெல்லாம் உங்க சமையக்காரம்மா கையிலயா செய்ய வெக்கறீங்க? அவங்க எந்த ஆளுங்கன்னு தெரியுமில்லீங்க?"

சண்முகப்ரியா சிரித்தாள். "அய்யோ, கேக்கு மாவுல அவ கை படவே படாதுங்க. பாத்திரம் தேய்க்கறதோட சரி."

சாராள் டீயைக் கொண்டுபோய் வைத்தாள். லோகப்பிரியா இரண்டாவது துண்டை எடுத்து வாயில் போட்டதை நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அமிர்தராஜிடம் சொன்னாள்.

"நாளைக்கே நின்னுக்கோ" என்றான்.

"நிக்கறேன். ஆனா நாளைக்கு இல்ல."

அடுத்த மாதம் அடுக்குமாடி ஹாலில் முப்பது பெண்களுக்கு முன்னால் கேக் செய்து காட்டுவதாகச் சண்முகப்ரியா ஒத்துக்கொண்டிருந்தாள். "அளவெல்லாம் எழுதிக் குடு சாராள்" என்றாள். சாராள் எழுதிக் கொடுத்தாள். ஓர் அளவைக்கூட மாற்றவில்லை. பாலில் கரைத்த சர்க்கரை விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவேண்டும், சமையல் சோடா விழுந்தபின் மாவைக் கிண்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதை மட்டும் எழுதவில்லை. அதைச் சண்முகப்ரியா கேட்கவுமில்லை. நிகழ்ச்சிக்கு இருந்த மூன்று வாரமும் சாராள் எப்போதையும்விட நன்றாகச் சமைத்தாள். பஸ்ஸில் போகும்போது அந்த ஹாலை நினைத்துப் பார்ப்பாள். மனசு குளுகுளுவென்று இருக்கும்.

அன்று சண்முகப்ரியா பட்டுச் சேலையில் வந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த பாலை மாவில் ஊற்றினாள். சோடாவைப் போட்டாள். நுரை பொங்கியது. பேச்சு சுவாரசியத்தில் கிண்டிக்கொண்டே இருந்தாள். சாராள் ஓரத்துக் குழாயடியில் கரண்டிகளைத் தேய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது ஓரம் கருகி, நடுவில் குழி விழுந்து, உள்ளே களி மாதிரி கிடந்தது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

"சாராள், இங்க வந்து என்னன்னு கொஞ்சம் பாரு."

சாராள் கையைத் துடைக்காமலே திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மாவுல என் கை படக்கூடாதுங்களே மேடம். நான் பாத்திரம் தேய்க்கறதோட சரிங்க."

முன்வரிசையில் இருந்த மயிலாத்தாள் என்ற வயதான அம்மாள், "அப்ப இத்தன நாளா நாங்க தின்னது யாரு செஞ்சது அம்மணி?" என்றார்.

"நான் செஞ்சதுதானுங்க. ஏழு வருசமா. பழத்தைக் கையிலதான் பிசைவேனுங்க."

சண்முகப்ரியாவின் முகம் வெளுத்தது. நாலைந்து பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடாத லோகப்பிரியா கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள். சாராள் இதைப் பார்க்கத்தான் மூன்று வாரம் காத்திருந்தாள். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இரவு சண்முகப்ரியா போன் செய்து அழுதாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல சாராள்?"

"நீங்களும் அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்று சாராள் போனை வைத்தாள். பாவமாக இருந்ததா என்று அமிர்தராஜ் கேட்டான். இல்லை என்றாள். அது உண்மைதான்.

இப்போது அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். முதலில் வந்து வாங்கியவர் மயிலாத்தாள். எட்டு மாதம் கழித்து லோகப்பிரியா போன் செய்தாள். பேரன் அந்தக் கேக்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம்.

"என் கையில பிசைஞ்சு செய்யறதுங்க. தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

சாராள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தெரியுமுங்க" என்றாள் லோகப்பிரியா, மெல்ல.

"சரியா கேக்கலீங்க."

லோகப்பிரியா இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சாராள் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டாள்.