ராக்கம்மாள் பக்கத்தில் பேச்சியம்மாள் முகம்

போன வாரம் அக்கா பேத்தியின் காதுகுத்துப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், வீடு, ஆள் என்று நீளமாகப் பெயர் வைப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். “படத்துக்கு எதுக்கு இம்புட்டு நீளப் பேரு? ஆதார் கார்டு எடுத்துக் குடுக்கப் போறியா?”

அவருக்கு என்ன தெரியும். நான் போடியில் பட்ட பாடு அப்படி.

அப்போது நான் காதர் அண்ணன் கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில், கம்ப்யூட்டரில் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டி, அச்சுக்குத் தயார்செய்து தரும் கடை. கீழே மூட்டை பிரித்தால் மேலே எங்கள் காகிதமெல்லாம் மணக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா என் தலையை மோந்து பார்த்துவிட்டு, “பாயசத்துக்குள்ள விழுந்து எந்திரிச்சியா?” என்பாள்.

போடிமெட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட் பள்ளியின் விமலா டீச்சர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஏலக்காட்டில் காய் எடுத்தே காலம் கழித்த முப்பது பெண்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய வாழ்க்கைக் கதைகள். ஆளுக்கு இரண்டு பக்கம், மேலே ஒரு படம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் வைத்து அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். அதில் பாதிப் பேர் தங்கள் முகத்தைக் காகிதத்தில் பார்த்ததே ரேஷன் கார்டில்தான் என்றார் டீச்சர்.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருளில் படத்தை உள்ளே ஒட்டுவதில்லை. படம் எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கிறது என்று விலாசம் மட்டும் எழுதுவோம். பக்கம் கட்டும்போது அது தானே போய் எடுத்துக்கொள்ளும். நான் என் கம்ப்யூட்டரின் டி டிரைவில் தொடங்கி முழு விலாசமும் எழுதினேன். அண்ணன் தன் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு படமும் இல்லை.

“ஏம்மா, உன் வீட்டு விலாசத்த என் தெருவுல தேடுனா கெடைக்குமா? தேட வேண்டிய ஃபோல்டர மட்டும் மேல ஒருவாட்டி எழுதிரு. கீழ பேரு மட்டும் போதும்.”

அப்படியே செய்தேன். மேல் டிவிஷன், நடு டிவிஷன், கீழ் டிவிஷன் என்று எஸ்டேட்டின் பகுதிக்கு ஒன்றாக மூன்று ஃபோல்டர்கள்; மூன்றையும் அதே வரிசையில் மேலே எழுதினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை டீச்சர் பார்ப்பதற்காகப் பெருமையாக ஜீப்பில் மலைக்கு அனுப்பிவைத்தேன். முகங்களைப் பார்த்தேனா என்றால், இல்லை. எனக்கு எல்லாமே தலைத்துண்டு கட்டிய அக்காக்கள்.

மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். ஒரே ஜீப்பில் வந்திருந்தும் முன்னால் வந்தவள் சன்னல் பக்கமும் பின்னால் வந்தவள் கதவுப் பக்கமும் நின்றார்கள்.

“தாயி, நான் கீழ் டிவிஷன் ராக்கம்மா. பேரு என்னுது, கத என்னுது. மூஞ்சி மட்டும் மேல் டிவிஷன் பேச்சியம்மாளோடது. முன்னாடி ஒரே லயத்துல குடியிருந்தோம். அவகூட நான் ஏழு வருசமாப் பேசுறதில்ல.”

கதவுப் பக்கம் நின்றவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். “என் மூஞ்சிய எவ கதைக்கும் எரவல் குடுக்க முடியாதுன்னு அவகிட்டச் சொல்லிரு தாயி.”

“எனக்கு ஒண்ணும் வேணாம்னு அவகிட்டச் சொல்லு.”

படங்களைத் திறந்து பார்த்ததும்தான் விளங்கியது. படம் எடுத்தவர் மூன்று ஃபோல்டரிலும் ஒன்று முதல் பத்து வரை எண்ணையே பெயராக வைத்திருந்தார். நாலாம் எண் படம் கேட்டால், மென்பொருள் முதல் ஃபோல்டரில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விட்டது. முப்பது கதைகளுக்கும் மேல் டிவிஷன்காரிகள் பத்துப் பேரே மாறி மாறிச் சிரித்தார்கள். படம் இல்லாவிட்டால் கத்தும். தப்பான படம் என்றால் அதற்குத் தெரியாது.

மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டியது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அண்ணன் திட்டவில்லை. இரண்டு நாற்காலி போட்டு, “ஆத்தா, வந்தது வந்தீக, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துப் பேரு சொல்லுங்க” என்றார்.

எனக்கு வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தி. அவர்கள் சொல்லச் சொல்ல, எண்ணை அழித்துவிட்டு டிவிஷனும் பெயருமாக மாற்றினேன். மாரியம்மாள் மட்டும் மூன்று பேர். இருபதாவது படமோ என்னவோ, ராக்கம்மாள் “இது காளியம்மா” என்றாள்.

“காளியம்மா இல்லடி, அவ தங்கச்சி. காளிக்கு மூக்குத்தி எடப்பக்கம்ல” என்றாள் பேச்சியம்மாள்.

“ஆமா, எடப்பக்கந்தான். அது போன மழைக்குத் தொலைஞ்சுபோச்சாமே?”

“தொலையல. வித்துட்டா. உனக்குத் தெரியாதா?”

நேருக்கு நேர் பேசுகிறோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நான் மௌஸை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மூக்குத்தியில் தொடங்கி, மருமகள், முழங்கால் வலி என்று பத்து நிமிடம் போனது. சண்டை எதற்கு வந்தது என்று அண்ணன் கேட்டதற்கு, “தண்ணிக் கொழாயிக்கு” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

புதிய பிரதியில் முப்பது முகமும் அதனதன் இடத்தில் இருந்தது. ராக்கம்மாள் தன் படத்தை விரலால் தொட்டுப் பார்த்து, “இம்புட்டுக் கறுப்பாவா இருக்கேன்?” என்றாள். பழைய பிரதியை அண்ணன் கிழிக்கப் போனபோது பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

“கெடக்கட்டும் அண்ணே, கிழிக்காதீக. இதுல நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருக்கோம்.”

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் மலை ஏறியது. என் வேலையும் தப்பியது.

காதர் அண்ணன் கடை இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனபோது முப்பது படங்களும் அதோடு போய்விட்டன. ராக்கம்மாள் இல்லை. பேச்சியம்மாள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சென்ற ஆண்டு மூணாறு போகிற வழியில் அந்த எஸ்டேட் பக்கம் ஒரு வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, டீக்கடைக்காரரிடம் கீழ் டிவிஷன் லயம் எங்கே என்று கேட்டேன். வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய் இருக்குமே என்றும் சொன்னேன்.

அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“லயமோ? நீங்க வண்டி நிப்பாட்டியிருக்கிற எடம்தானே அது.”