மங்கு முகத்துக்கு நலங்கு

என் கன்னத்தில் மங்கு விழுந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. முதலில் இடது கன்னம், அப்புறம் வலது, கடைசியில் மேலுதட்டுக்கு மேலேயும் மீசை அரும்பின மாதிரி ஒரு நிழல். வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் தேக்கா கடைத்தெருவில் கால் வைத்தால் போதும், எனக்கு வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. பூக்கடை அக்கா பூவைக் கட்டிக்கொண்டே, "என்னம்மா, வெயில்ல வேலையா?" என்பார். நகைக்கடைக்காரர் கண்ணாடியை என் பக்கம் திருப்பிவிட்டு, "இந்த முகத்துக்குச் சிவப்புக் கல்லு எடுபடாதும்மா" என்பார். நான் கேட்டேனா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்களா?

இவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் என் அம்மாவுக்கு உறை போடக் காணாது. எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது நான் முகம் கழுவிவிட்டு வந்தால், கண்ணாலேயே என்னை அறைக்குள் தள்ளுவார். பவுடர் போட்டுக்கொண்டு வந்தால்தான் காப்பி கொடுக்கவே விடுவார்.

அப்படி இருக்கையில் மாப்பிள்ளை அமைந்தது. திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, இங்கே கிளமெண்டியில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். அவரைச் சந்தித்ததெல்லாம் மேக்கப் போட்ட முகத்தோடுதான். அவருடைய அம்மா திருச்சியிலிருந்து வீடியோ காலில் பார்த்தார். ஒவ்வொரு காலுக்கும் முன்னால் என் அம்மா பவுண்டேஷனை எடுத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி என் கன்னத்தில் அடிப்பார்.

"அவங்ககிட்ட சொல்லிடலாம்மா. மங்குதானே, என்ன வந்துச்சு?" என்றேன்.

"சொல்லிப் பாரு. கல்யாணம் நின்னுச்சு, நான் இந்த அடுக்குமாடி புளோக்குல தலை காட்ட முடியாதுலா."

முகம் என்னுடையது. மானம் போவது மட்டும் அவருக்கு! அதைச் சொன்னதற்கு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

லேசர் யோசனை அம்மாவுடையதுதான். கிளினிக்கில் மரத்துப்போகிற க்ரீமைத் தடவி, கண்ணுக்கு மூடி போட்டுப் படுக்க வைத்தார்கள். டப் டப்பென்று சத்தம். ரப்பர் பேண்டை இழுத்துக் கன்னத்தில் சுண்டிவிட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பூனை ரோமம் பொசுங்கும் நாற்றம் என் மூக்கிலேயே அடித்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒரு நாள் எம்ஆர்டி ரயில் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. இனி பவுடர் இல்லாமல் வெளியே போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலுதட்டில்தான் கொஞ்சம் பாக்கி, கன்னத்திலும் லேசாக ஒரு நிழல். "கல்யாணத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று டாக்டர், ஒரு சீனப் பெண்மணி, தெளிவாகச் சொன்னார். அம்மா விடவில்லை. "ஒன் மோர் டாக்டர், லாஸ்ட் ஒன்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அரை மனதோடு கன்னத்துக்கும் உதட்டுக்கும் லேசரை லேசாக வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: வெயில் படக் கூடாது, தேய்க்கக் கூடாது, உங்கள் கல்யாணத்தில் மஞ்சள் பூசுவீர்களே, அதையும் முகத்தில் வைக்காதீர்கள். "யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்" என்று அம்மா மண்டையை மண்டையை ஆட்டினார்.

அந்த வாரமே நலங்கு. மாப்பிள்ளையின் அம்மா திருச்சியிலிருந்து வந்து இறங்கிவிட்டார். எங்கள் ஹாலில் மணை போட்டு, கிழக்கு பார்த்துதான் உட்கார வேண்டும் என்று என்னை ஜன்னலுக்கு நேரே உட்கார வைத்தார்கள். காலை வெயில் சுள்ளென்று மூஞ்சியில் அடித்தது. மற்ற பெண்கள் கன்னத்தில் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போனார்கள். மாமியாராக வரப்போகிறவர் முறை வந்தது. அவர்கள் வீட்டு வழக்கமாம், சந்தனத்திலும் மஞ்சளிலும் எலுமிச்சம்பழம் பிழிந்து குழைத்துத் தேய்ப்பது. நிறம் கொடுக்குமாம்.

நலங்குக்காக மேக்கப் இல்லாமல் இருந்த என் முகத்தைக் கிட்டத்தில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உள்ளங்கை நிறைய அள்ளி அப்பினார்.

ஐயோ, அந்த எரிச்சல்! மிளகாயை அரைத்துப் பூசினாலும் அப்படி எரியாது. கண்ணில் நீர் கொட்டிவிட்டது. "அத்தை, முகம் எரியுது" என்றேன். அவர் கையை எடுக்காமல் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா, ஒரு வார்த்தை சொல்லு. டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்ல வேண்டாம், அலர்ஜி என்றாவது ஒரு பொய் சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அம்மா சிரித்தார். "வெக்கப்படறா சம்பந்தி. நீங்க நல்லா அழுத்தித் தேயுங்க, ஒண்ணும் ஆகாது."

நல்லா அழுத்தித் தேய்த்தார். ஆரத்தி எடுத்து, பாட்டுப் பாடி, எல்லாரும் போட்டோ பிடித்து முடிக்கிறவரை கழுவ விடவில்லை. எலுமிச்சையும் வெயிலும் ஏற்கெனவே வெந்த தோலில் சேர்ந்து வேலையைக் காட்டின. மறுநாள் கொப்புளம். தாலி ஏறிய அன்று கன்னம் இரண்டும் பொருக்கு. மேக்கப் போட வந்த பெண் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம் பூசு பூசென்று பூசினாள். பொருக்கு உதிர்ந்ததும் அடியில் தெரிந்தது பழைய மங்கு இல்லை, தோசைக்கல் கறுப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு லேசரைக் கிட்டேயே கொண்டுவர முடியாது, முழுசாகப் போகும் என்று சொல்லவும் முடியாது என்றார். என் கணவர் முதல் தடவை என் கழுவின முகத்தைப் பார்த்தபோது சொன்னது, "அம்மா ஊருக்குப் போறவரைக்கும் இப்படி வெளிய வராத."

வந்தேன். எனக்கும் ஒரு அளவு இருக்கிறது. கிளமெண்டி வீட்டு அடுப்படியில், கழுவின முகத்தோடு மாமியார் முன்னால் போய் நின்றேன். அவர் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"லேசர் வச்ச தோல் எப்படிச் செவந்து மினுங்கும்னு எனக்குத் தெரியாதா? என் பொண்ணுக்கும் வச்சிருக்கோம். மணையில உக்காந்தப்பவே பாத்துட்டேன்."

"தெரிஞ்சேதான் தேய்ச்சீங்களா அத்தை?"

"உங்கம்மா வாயத் தொறப்பாங்களான்னு பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கைய எடுத்திருப்பேன். அவங்களே அழுத்தித் தேய்க்கச் சொன்னாங்க." அடுப்பை அணைத்தார். "பெத்தவங்களுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதுக்கு?"

அங்கே நின்றிருந்தால் அடித்திருப்பேனோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டேன். பஸ் பிடித்து நேரே புக்கிட் மேரா. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமியாருக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தேதான் என் முகத்தைத் தீய்த்தார், நீ சொல்வாயா என்று பார்த்துக்கொண்டே தேய்த்தார்.

அம்மாவின் கை நின்றது. என்னைக் கட்டிக்கொண்டு அழுவார், இல்லாவிட்டால் சம்பந்தியைப் போய் நாலு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுமா கல்யாணத்த நிறுத்தல?" என்றார்.

"இல்ல."

"அப்பாடா." நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தங்கமான மனுஷிலா. நீ போய் அவங்க மனசு கோணாம நடந்துக்க."