தையற்காரம்மாவின் ரத்தத்தில் எழுந்த முகடு

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை லிக்விட் குரோமட்டோகிராபி இயந்திரத்தில் செலுத்துவார். கலந்திருக்கும் மருந்துகள் தனித்தனியே பிரிந்து, திரையில் முகடு முகடாக எழும். அவற்றை வைத்து எந்த மருந்து எவ்வளவு என்று அளந்து சொல்வார்.

அன்று வந்த சீரம், சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த ஒரு தையற்காரம்மாவுடையது. திரையில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய டைக்ளோபெனாக் என்ற வலி மருந்தின் முகடு நெட்டுக்குத்தாக நின்றது. அந்த அம்மாவோ வலி மாத்திரையைத் தொட்டதே இல்லை என்று சாதித்தார்.

"எங்களுக்குத் தெரியாம முழுங்கியிருக்கியேம்மா" என்று மகள் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

லேப் அக்கா புதிதாக மாதிரி தயாரித்து மறுபடி இயந்திரத்தில் ஓட்டினார். அதே முகடு. மனசு கேட்காமல் வார்டுக்கே போனார்.

"முட்டி வலிக்கு வேற என்னம்மா சாப்பிடுறீங்க?"

"வெறும் மூலிகைப் பொடிதான் கண்ணு. சந்தையில ஒருத்தர் விக்கிறாரு. சாப்பிட்டா வலி பறந்துடும்."

மகளை அனுப்பி அந்தப் பொடியை எடுத்துவரச் சொன்னார். கரைத்து ஓட்டியதும் டைக்ளோபெனாக் முகடு அதே இடத்தில் எழுந்தது. டாக்டர் பொடியை நிறுத்தச் சொன்னார். விற்றவர் மீது புகாரும் போனது. மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

சிறுநீரகம் மெல்லத் தேறியது. வீடு திரும்பும் நாளில் இருவரும் கைகோத்தபடி ஆய்வக வாசலுக்கு வந்தார்கள்.

"முட்டி இன்னும் வலிக்குதே கண்ணு, இனிமே யாரைக் கேக்கிறது?"

"டாக்டரைக் கேளுங்கம்மா. சந்தைப் பக்கம் காய் வாங்க மட்டும் போங்க."

அம்மாவுக்கு முன்பே மகள் சிரித்துவிட்டாள்.