அக்கா கொடுத்தனுப்பிய பால்பவுடர் டின்

அக்காவின் ஓராண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரில் அக்காவைப் புகழ்ந்து பலரும் எழுதியிருக்கிறார்கள். உடன்பிறந்த தம்பியான நான் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை நம்பிப் பிழைக்கும் ஊரில் அக்கா பிறந்தார். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும்போதெல்லாம் அக்கா குறுக்கே போய் நிற்பார். அவர் மணிக்கட்டில் இருந்த தழும்பு அப்படி வந்ததுதான். இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று சித்தப்பா கேட்டார். போடத்தான் வேண்டும். மூடி மூடி வைத்து என்னத்தைக் கண்டோம்?

நர்சிங் படித்து, அமீரகத்தில், புஜைராவில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார், துபாய்ப் பக்கம் ஜெபல் அலிக்கும் வரவழைத்தார். கன்னம் வீங்கி மருத்துவமனைக்கு வரும் நம் ஊர்ப் பெண்களிடம், "அடிக்கிறானா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் "வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். விசா கணவன் கையில், ஊரில் மானம் அம்மா கையில்; வேறென்ன சொல்வார்கள்? அதனால் வீட்டுக்கே போய், "ஊருக்கு ஏதும் குடுத்து விடணுமாம்மா?" என்பார். லீவுக்குப் போகிறவர் பார்சல் கேட்டு வந்தால் எந்தக் கணவனும் தடுக்கமாட்டான். அந்தப் பார்சலுக்குள்தான் பெண்களின் காகிதங்கள் ஊர் போய்ச் சேர்ந்தன. அப்போது இது எனக்கே தெரியாது.

புற்றுநோய் வந்து அக்காவால் பயணம் போக முடியாமல் ஆனபோது எனக்கு லீவு கிடைத்தது. ஒரு பால்பவுடர் டின்னைக் கொடுத்து, "மதினியோட அம்மா கையிலயே குடுல" என்றார். மதினி சொந்தமில்லை; அவர் கணவர் முன்பு என்னோடு ஒரே கேம்பில், தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர், அவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் இவர் மதினி. மதினியின் பெயரை இங்கே எழுதவில்லை. புஜைராவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கொடுத்தேன். பார்சல் சேர்ந்ததும் கொடுத்துவிட்டவரின் வீட்டுக்காரருக்குப் போன் செய்வது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். நானும் செய்தேன்.

"அண்ணே, பார்சல் சேந்துட்டு."

"எந்தப் பார்சல்?"

"பால்பவுடர் டின்னுண்ணே. மதினி குடுத்துவிட்டாங்கள்லா?"

அவர் போனை வைத்துவிட்டார். இந்த முறை கணவருக்குத் தெரியாமல் மதினி அக்காவிடம் சேர்த்த டின் அது. பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது, டின்னுக்குள் இருந்தவை திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், மதினியின் முதுகை அக்கா எடுத்த புகைப்படங்கள். அவற்றை வைத்து, ஊரில் ஒரு வக்கீல் மூலம் தாயையும் பிள்ளையையும் மீட்பதாக அக்காவும் மதினியின் அம்மாவும் இருந்தார்கள்.

லீவு முடிந்து நான் திரும்பி வந்தபோது மதினியின் வீடு காலி. சவூதியில் யான்புவுக்குப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர், மஸ்கட் என்றார் இன்னொருவர். சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் சொன்னோம். பலன் இல்லை. கீமோ ஏற்றிக்கொண்ட உடம்போடு அக்கா வீடு வீடாக விசாரித்து அலைந்தார். அதற்குள் ஆண்களிடையே பேச்சுப் பரவிவிட்டது. "குடும்பத்தக் கெடுக்குற நர்சு" என்று கதவை முகத்தில் சாத்தினார்கள். பிறகு ஒரு பெண்ணும் அக்காவிடம் பார்சல் கொடுக்கவில்லை. எத்தனை பேருக்கு இருந்த ஒரே வழியை அடைத்தேனோ, ஐயோ, எனக்குக் கணக்குத் தெரியாது.

கடைசி நாட்களில் ஊர்க் கட்டிலில் கிடந்தபடி தினமும் கேட்பார். "எல, அவ விவரம் ஏதும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிரும்க்கா."

"நீ அழாத. உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்புதான்."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும், உடன் வேலை பார்த்த செவிலியர்களுக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலர் வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்கும் போகிறது. உங்களில் யாருக்காவது மதினி இருக்கும் இடம் தெரிந்தால் என்னிடமோ அவர் அம்மாவிடமோ சொல்லுங்கள். தயவுசெய்து, நல்ல எண்ணத்தில்கூட அவர் கணவருக்குப் போன் செய்துவிடாதீர்கள்.

நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.