கணவன் கார்ஜில், மனைவி திரான்சியில்

போன சனிக்கிழமை, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், வழக்கமான டீக்கடையில், வழக்கமான கேள்வி. கேட்டவர் புதியவர், கல்யாண வயதுக்காரர். கையில் ஒரு வாழைக்குலை. அதை மேசைமேல் கிடத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, பிரெஞ்சு நசனாலித்தே எடுக்கிறதுக்கு லேசான வழி எது?"

நசனாலித்தே என்றால் குடியுரிமை. பிரெஞ்சுக்காரருக்குப் பிள்ளையாகப் பிறப்பதுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வழியைத் தவறவிட்டவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வளர்ந்தால் பதினெட்டு வயதில் தானாக வரும். பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு, நான்கு வருடம் ஒரே வீட்டில் சண்டை போட்டால், அந்த உறவைக் காட்டிக் கேட்கலாம். அறுபத்தைந்து வயது தாண்டி, கால் நூற்றாண்டு இங்கே வாழ்ந்து, பிள்ளை பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் அதற்கு ஒரு தனி வாசல். பிரான்சின் அந்நியப் படையில் சேர்ந்து குண்டடி பட்டால் இன்னொரு வாசல் — அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. எதுவும் பொருந்தாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது பொதுவழி: வருடக்கணக்கில் இங்கே வாழ்ந்து, ஒழுங்காக வரி கட்டி, பிரெஞ்சு பேசி, விண்ணப்பம் போட்டு, பிரெஃபெக்சர் என்கிற மாவட்ட அலுவலகத்தில் நேர்முகம் கொடுத்து... காத்திருப்பது.

நான் எந்த வழியில் வந்தேன் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். நான் புதுச்சேரிக்காரன். பிரான்ஸ் எங்கள் ஊரை விட்டுப் போனபோது, இந்தியாவா பிரான்சா என்று கேட்டார்கள். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டார். நான் அப்போது தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது பிரெஞ்சுக்காரன்.

பிறகு பாரிசில் ஓர் அரசு அலுவலகத்தில், கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "இன்னும் ஒரு காகிதம் குறைகிறது" என்று சொல்லியே வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கம் வந்து, குறையும் காகிதத்தைத் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாவம் கழிகிறதா, தெரியவில்லை.

வாழைக்குலைக்காரரிடம் நான் முதலில் வரியைப் பற்றிக் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "எழுத்து முடிந்ததா?" என்றேன்.

"ஓம். தாலி வாற ஆவணியிலை. அதுக்கும் இதுக்கும் என்ன ஐயா?"

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். தயாபரனின் கதை. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதால், அவன் மனைவியின் அனுமதியோடு எழுதுகிறேன். அவன் அனுமதியைக் கேட்கவில்லை. தேவையில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

தயா யாழ்ப்பாணத்தான். போர் முடிந்த கையோடு அகதியாக வந்தவன். பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் ஒற்றை அறை வீடு, பாரிசில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. அகதிக்கு இங்கே ஒரு பயணப் புத்தகம் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், ஒரே ஒரு நாட்டைத் தவிர. அவன் அம்மா இருப்பது அந்த ஒரு நாட்டில். அம்மா இங்கே வருவதற்கு இரண்டு தடவை விசா கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். ஆகவே தயாவின் கணக்கு எளிமையானது: பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட், விமான டிக்கெட், அம்மா. கொஞ்ச நாளில் அதில் இன்னொன்றும் சேர்ந்தது. சொந்த ஊரில், அம்மா முன்னால் கல்யாணம்.

மணப்பெண் சிந்துஜா. இன்னொரு புறநகரான திரான்சியில் பிறந்து வளர்ந்தவள், பதினெட்டு வயதில் தானாகவே பிரெஞ்சுக்காரி ஆனவள், அங்கேயே ஒரு மருந்துக்கடையில் வேலை. வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பாள். அவள் அப்பா குலசிங்கம், குலம் அண்ணை, ஒரு பேக்கரியில் விடியும் முன்னே பகெத் ரொட்டி சுடுகிறவர். அந்த வட்டாரத்துப் பிரெஞ்சுக்காரர் பாதிப்பேருக்குக் காலைச் சாப்பாடு அவர் கையால்தான். அவருக்கு மட்டும் காலையில் புட்டு வேண்டும்.

யாழ்ப்பாணத்தவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் பேசி முடிந்ததும் முதலில் "எழுத்து" — சட்டப்படியான பதிவு. இங்கே என்றால் மெரி என்கிற நகரசபையில், மேயர் முன்னால் நின்று "உய்" (ஆம்) என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது. பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவியதும் மாப்பிள்ளை அவன் வீட்டுக்கு, பெண் அவள் அப்பா வீட்டுக்கு. தாலி, கூறைச் சேலை, மண்டபம் எல்லாம் நாள் பார்த்துப் பிறகு. சில மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை யார் கேட்டாலும் "இன்னும் கலியாணம் முடிக்கேல்லை" என்பார்கள். பொய்யே இல்லை. அவர்களுக்குத் தாலி கட்டினால்தான் கல்யாணம்.

பிரெஞ்சு அரசுக்கு மேயர் கட்டி வைத்தால் கல்யாணம். இரண்டு தரப்பாரும் நல்லவர்கள்தான். ஒருவரை ஒருவர் சந்தித்ததில்லை, அவ்வளவே.

தயா என் உதவியோடு விண்ணப்பம் போட்டபோது தனியாள். நடுவில் எழுத்து நடந்தது. குடும்ப நிலை மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தோம், மெரி கொடுத்த சான்றிதழின் நகலோடு, பதிவுத் தபாலில். எனக்குப் பரம திருப்தி.

நேர்முகத்துக்கும் தயார் செய்தோம். குடியரசின் மூன்று சொற்கள், ஜூலை பதினாலு, மதச்சார்பின்மை, பெரிய நதிகள். நதிகளை அவன் ரயிலில் ஒப்பித்துக்கொண்டே போயிருக்கிறான். அதிகாரியம்மா நதிப் பக்கமே போகவில்லை. உங்கள் மனைவி எங்கே வசிக்கிறார் என்று கேட்டார்.

திரான்சியில், அவள் அப்பா வீட்டில் என்றான் தயா.

பிரிந்துவிட்டீர்களா?

"இல்லை மதாம். எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை."

அதிகாரியம்மா கோப்பைப் பார்த்தார். தயாவைப் பார்த்தார். மறுபடியும் கோப்பைப் பார்த்தார். மெரிச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது — நாங்களே அனுப்பியது. கல்யாணமாகி ஒன்றேகால் வருடம்.

தயாவுடையது சமையலறைப் பிரெஞ்சு. அதை வைத்து ஒரு மீனைச் சுத்தம் செய்து, சாஸ் ஊற்றி, மேசைக்கு அனுப்பலாம். எழுத்துக்கும் தாலிக்கும் உள்ள தூரத்தை விளக்க முடியாது. ஆனால் முயன்றிருக்கிறான்! "காகிதத்தில் மனைவி, வீட்டில் மனைவி இல்லை" என்று சொன்னானாம். பிரான்சில் ஓர் அதிகாரியின் முன்னால் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். காகிதத்துக்காகச் செய்யும் போலிக் கல்யாணம் என்று அர்த்தமாகிவிடும்.

இரண்டு மாதத்துக்குள் சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் காட்டுங்கள், இல்லையென்றால் கையில் இருப்பதை வைத்தே முடிவு செய்வோம் என்று கடிதம் வந்தது. கடிதத்தோடு தயாவும் வந்தான்.

"ஐயா, நான் உண்மையைத்தானே சொன்னனான்."

அதுதான் பிரச்சினை என்றேன்.

யோசித்துப் பாருங்கள். குடியுரிமை கிடைத்தால்தான் ஊருக்குப் போய் அம்மா முன்னால் தாலி கட்டலாம். தாலி கட்டினால்தான் பெண் வீட்டுக்கு வருவாள். பெண் வீட்டுக்கு வந்தால்தான் குடியுரிமை. இப்படி ஒரு வட்டத்தை அலுவலகத்தில் யாரும் திட்டம் போட்டு வரைய முடியாது. அன்பான இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால்தான் முடியும்.

அதிகாரியம்மாவுக்கு எழுதி, நேரில் விளக்க நேரம் கேட்டேன். ஆச்சரியம், கொடுத்தார். தயாவை அழைத்துக்கொண்டு போய் எழுத்து, தாலி, கார்ஜ், திரான்சி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய பெற்றோர் பிரத்தான் பகுதிக் கிராமத்தவர்களாம். அவர்கள் கல்யாணம் மெரியில் வியாழக்கிழமை, தேவாலயத்தில் சனிக்கிழமை. நடுவில் இரண்டு இரவும் அப்பா தன் தாயார் வீட்டில்தான் படுத்திருக்கிறார். எனக்கு எழுந்து நின்று அந்த அப்பாவுக்கு வணக்கம் சொல்லவேண்டும் போலிருந்தது.

"ஆனால் மொசியூ, அது இரண்டு இரவு. ஒன்றேகால் வருடம் இல்லை."

அவர் சொன்னதில் குறை காண முடியாது. எனக்குப் புரிகிறது, கோப்புக்கும் புரிய வேண்டுமே என்றார். நானே கவுன்டரில் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்?

அடுத்த ஞாயிறு திரான்சி. குலம் அண்ணை வீடு. வடை வந்தது, தேநீர் வந்தது. நான்தான் தொடங்கினேன். ஒரே முகவரி வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்றேன். குலம் அண்ணை தேநீரைக் கீழே வைத்தார்.

"அண்ணை, தாலி கட்டாமல் பிள்ளையை அனுப்பிப்போட்டு நான் லாச்சப்பலிலை எப்பிடி நடக்கிறது? ஒண்டு செய்வம். வாற மாசம் இஞ்சையே ஒரு மண்டபத்தைப் பிடிப்பம். தாய்க்கு வீடியோவிலை காட்டுவம்."

நியாயமான யோசனை. உண்மையைச் சொன்னால், நானும் அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். தயா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை மெல்ல ஆடியது. சம்மதம் மாதிரியும் இருந்தது, வேறெதோ மாதிரியும் இருந்தது.

சிந்துஜா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மெரியிலை நீங்களும்தானே பக்கத்திலை நிண்டனீங்கள். நான் உய் சொன்னனான். அது விளையாட்டோ?"

"அது எழுத்து, பிள்ளை."

"எனக்கு அதுதான் கலியாணம். தாலி மாமிக்கு. மாமி பாக்கோணும் எண்டுதானே இவ்வளவு நாளும் இருந்தனாங்கள்? வீடியோவிலை காட்டுறதெண்டால் போன வருசமே காட்டியிருக்கலாம்."

பிறகு பிரெஞ்சுக்கு மாறி மளமளவென்று பொழிந்தாள். சாரம் இவ்வளவுதான்: இந்த வாரமே பெட்டியோடு கார்ஜுக்குப் போகிறேன், நான் கல்யாணமானவள், கணவன் வீட்டுக்குப் போவதை எந்தச் சட்டமும் தடுக்காது, தாலி ஊரில், மாமி முன்னால்.

சனம் கதைக்கும் பிள்ளை என்றார் குலம் அண்ணை, குரல் இறங்கி.

"சனம் தமிழிலைதானே கதைக்கும். எனக்குப் பாதிதான் விளங்கும்."

தேநீர் எனக்குப் புரையேறியது. குலம் அண்ணை சிரிக்கவில்லை. தன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். அடுப்புச் சூட்டில் முழங்கைவரை மயிர் பொசுங்கிய கைகள். பிறகு தயாவிடம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கடை வீட்டிலை ஹீற்றர் ஒழுங்கா வேலை செய்யுதோ?"

ஒரு தகப்பன் சம்மதம் சொல்வதற்கு இவ்வளவு போதும். அடுத்த நாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டான் தயா.

சட்டம் தெரிந்த நான் தாலியைப் பாரிசுக்கு இழுக்கப் பார்த்தேன். தாலி தெரிந்த குலம் அண்ணையும் அதையேதான் சொன்னார். தமிழ் பாதிதான் விளங்குகிற பெண், மேயர் கட்டி வைத்த கல்யாணத்தை எல்லாரையும்விட அதிகமாக நம்பினாள். அதனால்தான் தாலி அதற்குரிய இடத்தில் காத்திருக்க முடிந்தது. ஒரு நாட்டோடு ஒன்றிப்போவது என்று அலுவலகங்களில் பேசுகிறார்களே... நான் பார்த்தவரையில் அது இப்படித்தான் இருக்கும்.

பெட்டியைக் கார்ஜில் கொண்டுபோய் இறக்கியவர் குலம் அண்ணையேதான். கூடவே ரைஸ் குக்கரும். மகள் எங்கே என்று லாச்சப்பலில் கேட்டவர்களிடம், வேலைக்கு வசதியாக இருக்கும் என்று கார்ஜில் நிற்கிறாள் என்றார். மருந்துக்கடை திரான்சியில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. லாச்சப்பல் வாய் ஓயாமல் வம்பு பேசும். சில நேரம் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், மின்சார பில்லில் இரண்டு பெயர். அனுப்பினோம். காத்திருந்தோம். அரசு தன் வேகத்தில் நடந்தது, இயற்கை தன் வேகத்தில் நடந்தது. அரசாணை வந்து, வரவேற்பு விழாவில் தேசிய கீதம் பாடி, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது சிந்துஜாவுக்கு நாலு மாதம். யாழ்ப்பாணத்தில் தாலி கட்டும்போது ஐந்து.

கூறையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்களாம். ஐயர் கூரையைப் பார்த்தபடியே மந்திரம் சொன்னாராம். மாமி, அதாவது தயாவின் அம்மா, என்ன சொல்வாரோ என்று குலம் அண்ணை விமானத்திலேயே மகளிடம் பத்துத் தடவை கேட்டிருக்கிறார்.

மாமி மகனைக் கட்டிப்பிடித்தார். மருமகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வயிற்றில் கையை வைத்தார்.

"நான் ஒரு பிள்ளையைத்தான் கேட்டனான். மூண்டு பேரா வந்திருக்கிறியள்."

அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. இவ்வளவு சுருக்கமான நேர்முகத்தை என் வேலைக்காலத்தில் எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.