சர்க்கரை போடாத காப்பி

பிரன்வேரா ஓட்டும் வேனில் யாரும் வாயை மூடிக்கொண்டு வரக்கூடாது. கணவன் முஹர்ரெமின் இடுப்பு போனதிலிருந்து கடற்கரை நகரமான வ்லோராவுக்கும் மலைமேல் இருக்கும் தன் ஊருக்கும் நடுவே அவள்தான் வண்டி ஓட்டுகிறாள். கோழி, சிமெண்ட் மூட்டை, பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எதையும் ஏற்றுவாள். ஏறியவர்கள் சண்டையாவது போட்டுக்கொண்டு வரவேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வரும். ஆனால் அந்த வியாழக்கிழமை மாலை வேனுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பார்வை? எனக்குக் கொம்பு முளைச்சிருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா, நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார் ஒரு பெரியவர். இறங்கும்போது அவள் தோளைத் தட்டிவிட்டு வேறு போனார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்து நாற்காலிகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. ஆண்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். அடுப்பங்கரையில் பக்கத்து வீட்டு ஹதீஜே பெரிய பாத்திரத்தில் காப்பி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போயிருந்தது. அந்த ஊரில் சர்க்கரை போடாத காப்பி சாவு வீட்டில் மட்டும்தான். பிரன்வேரா பதறிப்போய் முஹர்ரெமைத் தேடினாள். அவன் இடுப்பில் தலையணையோடு மூலையில் உட்கார்ந்திருந்தான், உயிரோடு.

"யாருடி போயிட்டாங்க?"

ஹதீஜே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "டிவியில காட்டினாங்கடி. இத்தாலியில மலை சரிஞ்சு, உன் தம்பி பர்தில் தங்கியிருந்த மஞ்ச வீடு மண்ணோட மண்ணா..."

"அறிவு கெட்டவங்களா! என் தம்பி மத்தியானம்தான் என்கிட்ட போன்ல பேசினான். மலை சரிஞ்சப்ப வேலைக்குப் போயிருக்கான். உள்ள மாட்டினவங்களைத் தேடி மண்ணு தோண்டப் போறேன்னு சொல்லிட்டு வெச்சான்."

யாரும் நம்பவில்லை. ஓர் அத்தை அவள் தலையைத் தடவி, "அழுதுடு கண்ணு, அடக்கி வெக்காத" என்றாள். பிரன்வேரா போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை. முற்றம் மொத்தமும் பெருமூச்சு விட்டது.

"மத்தியானம் பேசினான், சரி" என்றான் முஹர்ரெம் மெதுவாக. "சாயங்காலம் ரெண்டாவது தடவை சரிஞ்சிருக்காம். தோண்டிட்டிருந்தவங்க மேலயே."

அது அவளுக்குத் தெரியாது. பயத்தை இந்தக் கூட்டத்துக்குக் காட்டுவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்றிருந்தது. மேல் தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை இறக்கினாள். தட்டில் இருந்த ஒவ்வொரு கோப்பையிலும் கரண்டி நிறைய அள்ளிக் கொட்டிக் கலக்கினாள்.

"குடிங்க. என் வீட்டுக் காப்பி இப்படித்தான் இருக்கும்."

ஒருவரும் குடிக்கவில்லை.

பர்திலுக்கு உருப்படியாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று சுவர் பூசுவது. இன்னொன்று சுருதி பிடிப்பது. அந்த ஊர்ப் பாட்டில் பிரன்வேரா எடுத்துக்கொடுப்பாள், ஹதீஜே பதில் பாடுவாள், மற்றவர்கள் அடியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதில் பர்தில் மன்னன். இத்தாலிக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். அவள் பாடுவாள், அவன் சுருதி பிடிப்பான். போனில் குரல் சற்றுத் தாமதித்துத்தான் வரும். பதில் பாட்டென்றால் காலை வாரிவிடும். சுருதிக்கு அந்தத் தொல்லை இல்லை, எப்போது வந்தாலும் அதே ஸ்வரம்தான். அவனோடு அறையில் இருந்த யோன் என்கிற மால்டோவாக்காரன் அப்போதெல்லாம் சமையல்கட்டிலிருந்து, "அக்கா, உங்க மாடு கத்த ஆரம்பிச்சிடுச்சு!" என்று கூவுவான். அவளுக்கு அவனைக் கண்டாலே, அதாவது கேட்டாலே, ஆகாது. உருளைக்கிழங்கு வறுக்கிற சத்தத்தில் பாட்டையே கெடுத்துவிடுவான்.

வெள்ளிக்கிழமையும் போன் அடிக்கவில்லை. தூதரகத்துக்குப் பண்ணினால் காத்திருக்கச் சொல்லி ஒரு பெண் குரல் இசையைப் போட்டது. சனிக்கிழமை ஹதீஜே வந்தாள்.

"நாளைக்கு ஊர் விழாவுல பாட வேணாம்டி. துக்க வீட்டுல வருஷம் முழுக்கக் கொண்டாட்டப் பாட்டு ஆகாது. ஊரு காறித் துப்பும்."

"இது எந்த ஊருத் துக்க வீடு? நான் பாடலைன்னா அவன் செத்துட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்கு வேற ஆளைப் பாரு."

"நாங்க யாரும் சுருதி குடுக்க மாட்டோம்."

"குடுக்காதீங்க. மலை இருக்கு, அது குடுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கறுப்பு உடுத்தவில்லை. கல்யாணத்துக்குப் போடும் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊற்றுக்கு மேலே இருக்கிற மைதானத்துக்குப் போனாள். ஆட்டிறைச்சி சுடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் தனியாக நின்று முதல் வரியை எடுத்தாள். அடியில் தாங்குவதற்கு ஒரு குரலும் இல்லை. இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. ஹதீஜே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பிரன்வேராவுக்கும் தோன்றிவிட்டது, தம்பி போய்விட்டான் என்று. அந்த நினைப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா."

"நாயே! எங்கடா போய்த் தொலைஞ்ச? இங்க உனக்குச் சாவுக் காப்பி வரைக்கும் போட்டாச்சு! ஒரு போன் பண்ணத் துப்பில்ல?"

"என் போன் மண்ணுல போயிடுச்சுக்கா. நிறுத்தாம தோண்டிக்கிட்டே இருந்தோம். இப்பத்தான் யோன் கிடைச்சான்."

"கிடைச்சானா? நல்லாருக்கானா?"

தம்பி அழுதான். பெரிய ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி அழுதான். "அவனுக்கு யாருமில்லக்கா. அநாதை விடுதியில வளந்தவன். துக்கம் கேக்க ஒரு ஜீவன் வரல. என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு உடம்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கூட்டம் அதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டது. "உயிரோட இருக்கான்!" என்று யாரோ கத்தினார்கள். தொப்பிகள் மேலே பறந்தன.

"நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் அப்படியே நின்றது, தொப்பிகள் மட்டும்தான் கீழே வந்தன. "மூணு நாளா என் வீட்டுல வந்து உக்காந்து என் உயிரை எடுத்தீங்களே, இப்ப உக்காருங்க. அங்க ஒரு பையன் செத்துப் போயிருக்கான், கேக்க நாதியில்ல. நீங்க கொண்டுவந்த துக்கத்துக்கு ஆள் மாறிப் போச்சு, அவ்வளவுதான். ஹதீஜே, காப்பி போடு. சர்க்கரை வேணாம்."

விழாவுக்கு வந்த அடுப்பிலேயே காப்பி கொதித்தது. ஆண்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள். போன் கைக்குக் கை போயிற்று. ஒவ்வொருவரும் அதில், "உன் ஆயுசு கெட்டியா இருக்கட்டும் தம்பி" என்று சாவு வீட்டில் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். முகம் பார்த்தே அறியாத யோனின் பெயரைச் சிலர் தப்புத் தப்பாக உச்சரித்தார்கள். பர்தில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான்.

போன் அவளிடம் திரும்பி வந்தது. கசப்புக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். ஒப்பாரிக்கு எந்த ஊரிலும் தடை கிடையாது. உருளைக்கிழங்கு வறுத்துப் பாட்டைக் கெடுத்தவனே, என்று எடுத்தாள். ஹதீஜே அழுதுகொண்டே பதில் கொடுத்தாள். ஊர் மொத்தமும் அடியில் சுருதி பிடித்தது. சற்றுத் தாமதித்து, போனிலிருந்தும் அதே ஸ்வரம் வந்தது. வந்தது, நடுங்கியது, இறங்கியது.

"கீழ போறடா, தூக்கிப் பிடி" என்றாள் போனைப் பார்த்து.

"மாடு கத்துற மாதிரி இருக்காக்கா?"

"அதேதான்" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு. "நிறுத்தாம கத்து."